புதுத் தரையும் பழைய மூக்கும்

ஏழு ஞாயிறாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா?

சிலர் கவனித்திருக்கிறார்கள். போன வியாழக்கிழமை கல்முனைச் சந்தையில் கீரைக் கட்டொன்றைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீச்சர், என்ன உங்கட எழுத்தக் காணல்ல? சுகமில்லையா?"

"நான் சுகம்தான். வீட்டுத் தரைக்குத்தான் சுகமில்லாமப் போயிட்டு" என்றேன்.

அந்த வாசகி பகிடி என்று நினைத்துச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முதல் மூன்று கிழமையும் தலையிடி, கண்ணெரிவு, தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு கரகரப்பு. பேனையைத் தொட மனம் வரவில்லை; பிறகு வீட்டு வேலையில் நேரம் வரவில்லை. இப்போதும் களைப்பு முழுதாகப் போகவில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன்.

"எழுது. ஆராவது ஒருத்தருக்கு உதவும்" என்றார்.

சம்பந்தப்பட்டவர் — என் கணவர் சலீம்.

இருபத்தொரு வருடம் டோஹாவில் இருந்தவர். வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கராஜ் ஒன்றில் வேலை. போன வருடம்தான் "இனிப் போறல்ல" என்று சாய்ந்தமருதுக்கே வந்து சேர்ந்தார். அப்படி வந்து சேர்ந்த மனிதர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அப்படியானவர் உள்ள வீடுகளுக்குத் தெரியும். முதல் மாதம் ஒழுகாத குழாய்களையும் சேர்த்துத் திருத்தினார். இரண்டாம் மாதம் வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். மூன்றாம் மாதம் என் குசினிப் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கினார். மஞ்சள் தூளைத் தேடி நான் அரை மணித்தியாலம் அலைந்தேன்.

அந்த நேரத்தில்தான் மகள் றிஸ்னாவின் நல்ல செய்தி வந்தது. எங்களுக்கு ஒரே பிள்ளை. மருமகனுக்குக் கொழும்பில் வேலை, இருவரும் அங்கேதான். ஆனால் முதல் பேறு உம்மா வீட்டில்தானே? ஒன்பதாம் மாதம் தொடங்க இங்கே வருவாள், பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியும்வரை இங்கே இருப்பாள் என்று முடிவானது.

அன்றிலிருந்து இவர் கண்ணெல்லாம் முன் அறையின் தரையில்.

சுனாமியில் கடல் வந்துபோன பிறகு அவசர அவசரமாகக் கட்டிய வீடு எங்களுடையது. சிவப்புச் சீமெந்துத் தரை. அங்கங்கே வெடிப்பு. எனக்கு அந்த வெடிப்புகள் பழகிவிட்டன. இவருக்குப் பழகவில்லை.

"என்ட பேரப்புள்ள இந்த வெடிச்ச சீமெந்துலயா தவழுற?"

"பொறந்த கையோட தவழாதுங்க. ஏழெட்டு மாசம் செல்லும்."

"செல்லட்டும். தரை இப்பவே இரிக்கட்டும்."

மரப்பலகை மாதிரியே இருக்கும், ஆனால் மரமில்லை… பிளாஸ்டிக். தண்ணீர் பட்டாலும் ஊறாது. டோஹாவில் பெரிய பெரிய வீடுகளில் கண்டிருக்கிறாராம். டைல்ஸ் போடுவோமே என்றேன். டைல்ஸ் குளிரும், பிள்ளை வழுக்கும் என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

தரை பதிக்கிற நஸார் பாஸ் ஒரு காலையில் வந்தார். நாற்பது வயது மனிதர், வேலையில் சுத்தம். பலகைக் கட்டுகளோடு இரண்டு பெரிய டின் பசையும் வந்தது. முதல் டின்னின் மூடியைத் திறந்ததும் குசினியில் நின்ற எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பாஸ் ஒரு சாரத் துண்டை மூக்கோடு கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது முடித்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அழகாகத்தான் இருந்தது. தேன் நிறம். யன்னல் வெளிச்சம் அதில் விழுந்து கிடந்ததைப் பார்த்து நானே வேலையை விட்டுவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைவரை வெறுங்காலோடு மெல்ல நடந்து பார்த்தார். மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் நடப்பதுபோல் ஒரு நடை.

ஆனால் மணம்?

புதுச் செருப்புக் கடை, பெற்றோல் செட், உருகின பிளாஸ்டிக் வாளி — மூன்றையும் ஒரு பானையில் போட்டு மூடிவைத்துத் திறந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

"ரெண்டு நாளையில போயிரும் டீச்சர். புதுசெண்டா மணக்கத்தானே செய்யும்" என்றார் பாஸ்.

இரண்டு நாள் போனது. மணம் போகவில்லை. போன் எடுத்தேன். "ஒரு கிழமை பாருங்க டீச்சர்" என்றார். ஒரு கிழமையும் பார்த்தேன். மறுபடி எடுத்தேன். "வெயில் நல்லாப் படட்டும்" என்றார். மூன்றாம் முறை எடுத்தபோது போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

இவரிடம் சொன்னால்?

"என்ன மணம்? எனக்கு ஒண்டும் மணக்கல்லயே."

இதே பதில். காலையிலும் இதே பதில், மாலையிலும் இதே பதில். தலையிடிக்கிறது என்றேன். "பள்ளிக்கூடத்துல கத்திக் கத்தி உனக்குத் தலையிடி" என்றார். கண் எரிகிறது என்றேன். "போனப் பாத்துப் பாத்து" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தான் ஆசைப்பட்டுப் போட்ட தரைக்கு ஒரு குறையும் சொல்லக்கூடாதா? அவ்வளவு பிடிவாதமா ஒரு மனிதனுக்கு?

நான் படிப்பிப்பது மனையியல். வீட்டில் காற்றோட்டம் என்று ஒரு பாடம் இருக்கிறது, வருடா வருடம் படிப்பிக்கிறேன். யன்னல்களை எதிரெதிரே திறந்து வையுங்கள் பிள்ளைகளே… காற்று உள்ளே வரட்டும் பிள்ளைகளே… சரி, திறந்தேன். இது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். அந்தப் பக்கத்து வயலெல்லாம் அறுவடை. அரை மணித்தியாலத்தில் கட்டிலிலும் அலுமாரியிலும் சாப்பாட்டுக் கோப்பையிலும் ஒரு படை புழுதி. மூடினேன். மத்தியான வெயிலுக்கு ஓடு சூடாகி, அறை சூடாகி, தரையிலிருந்து அந்த மணம் ஆவிபோல எழும்பியது. திறந்தால் புழுதி, மூடினால் விஷம். இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்தேன். வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து தட்டுகளில் வைத்தேன். அறை வெங்காயமும் பசையுமாக மணத்தது. சிரட்டைக் கரியை உடைத்துச் சட்டிகளில் பரப்பி மூலைக்கு மூலை வைத்தேன். கொஞ்சம் குறைந்தது… அல்லது குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன். வினாகிரியால் துடைத்தேன். சாம்பிராணி போட்டேன். அது எல்லாவற்றையும்விட மோசம் — பசை மணம் பக்தியோடு சேர்ந்து வந்தது.

என்ன செய்தும் சோற்றில் தரை மணத்தது. தேத்தண்ணியில் தரை மணத்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துக் கதிரை டீச்சர் "புதுச் சாரியா?" என்று கேட்டார்.

தொழும்போதுதான் மிகவும் கஷ்டம். ஸுஜூதில் நெற்றியும் மூக்கும் தரையில்தானே? தலையை வைத்ததும் கிறுகிறுவென்று வரும். மூன்று தஸ்பீஹை முடிக்குமுன் எழும்பிவிடுவேன். ஒரு அஸர் நேரம் நான் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்க, இவர் எனக்கு முன்னால் அதே அறையில் ஸுஜூதில் இருந்தார். நீண்ட நேரம். ஆறுதலாக. எழும்பியபோது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விளங்கவில்லை. அல்லாஹ் எனக்கு மூக்கைத் தந்தான், இவருக்குப் பொறுமையைத் தந்தான் என்று நினைத்தேன். எவ்வளவு மக்கு நான்!

தரை போட்டுப் பன்னிரண்டாம் நாள் றிஸ்னா வந்தாள்.

வான் கேட்டடியில் நின்றதும் இவர் ஓடிப்போய்ப் பைகளை வாங்கினார். "வா மகள், வா. உள்ளுக்கு வந்து பாரு, வாப்பா என்ன செஞ்சி வெச்சிரிக்கன் எண்டு." அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசற்படியில் ஒரு காலை வைத்தாள். நின்றாள். முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினாள். திரும்பி முற்றத்து முருங்கையடிக்கு ஓடி, சத்தி எடுத்தாள்.

நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். இவர் இரண்டு கையிலும் பைகளோடு வாசலில் நின்றார்.

"உம்மா, என்ன உம்மா இது? உள்ளுக்கு என்ன ஊத்தி வெச்சிரிக்கீங்க?"

"தரை, மகள். வாப்பா போட்ட தரை."

"வாப்பா, உங்களுக்கு மணக்கல்லயா?"

இவர் பைகளைக் கீழே வைத்தார். "புதுசுதானே மகள்… போயிரும்" என்றார். பாஸ் சொன்ன அதே சொல். அன்றைக்கு நான் இவருடன் கதைக்கவில்லை. சோறு போட்டு வைத்தேன், கதைக்கவில்லை.

மகளைக் கிணற்றடிப் பக்கமுள்ள சின்ன அறைக்கு மாற்றினோம். பகலெல்லாம் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தாள். இரண்டு நாளில் வசந்தா மிஸ் பார்க்க வந்தார் — எங்கள் பகுதி மிட்வைஃப், பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே நிமிர்ந்தார்.

"டீச்சர், இது எத்தன நாளா இப்பிடி?"

"பதினாலு நாள் மிஸ்."

"புள்ளத்தாச்சிய இதுக்குள்ள படுக்க வெக்கிறீங்களா?"

"இல்ல மிஸ், பின்னறையில."

"பின்னறைக்கும் வருதுதானே? பெரிய ஆக்களுக்கே தலையிடிக்குதெண்டா பச்சப்புள்ள என்ன செய்யும்? புள்ள கிடைக்க முதல் இதச் சரி பண்ணுங்க. ஏலாட்டி வேற வீட்டுக்குக் கொண்டு போங்க. நான் பயப்படுத்தல்ல டீச்சர். சொல்லிட்டன்."

இவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வசந்தா மிஸ் போன பிறகு முன் அறைக்குள் போய் நடுவில் நின்றுகொண்டு இப்படியும் அப்படியும் முகத்தைத் திருப்பினார். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். நான் கதவடியில் நின்று பார்த்தேன். இப்போதாவது ஒத்துக்கொள்வாரா? இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேற வீடு என்றால் எந்த வீடு? என் தங்கையின் வீட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர். பிள்ளை பெறுவதற்கென்று உம்மா வீட்டுக்கு வந்த மகளை எந்த முகத்தோடு இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது? இந்த யோசனையிலேயே ஐந்தாறு நாள் போனது.

அந்தச் சனிக்கிழமை வந்தது.

காலை பத்து மணி இருக்கும். அடுப்பில் மகளுக்குக் கஞ்சி வைத்து நெருப்பைக் குறைத்துவிட்டு, உடுப்புக் காயப்போடக் கொல்லைக்குப் போனேன். தரை மணத்துக்காக வீட்டு யன்னல் அத்தனையும் திறந்து கிடந்தது. குசினி யன்னலும்தான். கச்சான் சும்மா வீசுமா? ஒரு வீச்சில் காஸ் அடுப்பின் நெருப்பை அணைத்து, குசினி யன்னலையும் அடித்துச் சாத்திவிட்டது. கொல்லையில் நின்ற எனக்கு அது எப்படித் தெரியும்?

கடைசிச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுக் குசினிப் படியில் கால் வைத்தேன். மூக்கில் அடித்தது. தரையில்லை. காஸ். நல்ல காஸ்.

இவர் அடுப்படியில் நின்றார். ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை. மறு கையில் லைட்டர்.

"நெருப்பு நூந்து போய்க் கிடக்கு புள்ள. பத்தவெக்கிறன்" என்றார், என்னைப் பார்த்து, சர்வ சாதாரணமாக.

"லைட்டர வைங்க!"

நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. இரண்டு எட்டில் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கோப்பை விழுந்து உடைந்தது. காஸை மூடினேன். அவரை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். "றிஸ்னா, வெளியில வா! எந்தச் சுவிச்சையும் தொடாத, வெளியில வா!" குசினிக்கு அடுத்த அந்தப் பின்னறையில் படுத்திருந்தவள் பயந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்று பேரும் கிணற்றடியில் நின்றோம். உள்ளே மகள், மகளின் வயிற்றில் பிள்ளை… இவர் கையில் லைட்டர்.

"குசினி முழுக்க காஸ். உங்களுக்கு மணக்கல்லயா?"

கத்தித்தான் கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் பார்த்த முகம். அப்படி ஒரு முகத்தை ஒருநாளும் கண்டதில்லை.

"மகள்ட வாப்பா… மெய்யாவே மணக்கல்லயா?"

கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார். "ஒண்டும் மணக்கிறல்ல. ரெண்டு மூணு வருசமா."

லைட்டரை அவர் கையிலிருந்து வாங்கினேன், அவரே தொடர்ந்தார்.

"ஒரேயடியாப் போகல்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போச்சு. முதல்ல பெயின்ட் மணம் தெரியல்ல. நல்லதுதானே எண்டு நெனச்சன். கராஜ்ல மாஸ்க் இருந்திச்சு, போட்டா மூச்சு முட்டும், கழட்டிக் கழட்டி வெச்சிருவம். பொறகு சோறு மணக்கல்ல. ஒரு நாள் சவர்க்காரத்த எடுத்து மூக்குக்குக் கிட்ட வெச்சுப் பாத்தன். கல்லு மாதிரி இருந்திச்சு."

"ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?"

"சொன்னா வேலையால அனுப்பிருவானுகள் எண்டு பயம். மகள்ட கலியாணம் அப்ப முடியல்ல. இஞ்ச வந்த பொறகு… என்னெண்டு சொல்ற? நீ ஒவ்வொரு நாளும் சமைச்சு வெச்சிட்டு என்ட முகத்தப் பாத்துக்கொண்டு நிக்கிற. இருவத்தொரு வருசத்துக்குப் பொறகு வந்து குந்தின மனிசன், உன்ட சோறு எனக்கு மணக்கல்ல எண்டா சொல்ற?"

எனக்கு எத்தனையோ விளங்கியது. "உறைப்புக் கூடப் போடு" என்று ஏன் தினமும் கேட்டார் என்று விளங்கியது. டோஹாவில் கடைசி இரண்டு வருடமும் ஏன் ஒரே அத்தரை வாங்கி அனுப்பினார் என்று விளங்கியது. முன்பெல்லாம் கடை கடையாக மணந்து பார்த்து வாங்குவாராம். பிறகு பழைய போத்தலின் படத்தைப் போனில் காட்டி வாங்கியிருக்கிறார்.

"அப்ப தரை?"

"நீ மணக்குது எண்டு சொல்லக்குள்ள, புதுச் சாமானுக்குள்ள மணம்தானே, கொஞ்சமா இரிக்கும் எண்டு நெனச்சன். உனக்குத் தரை புடிக்கல்ல, அதுதான் சாட்டுச் சொல்ற எண்டும் நெனச்சன். மகள் வாசல்ல சத்தியெடுத்த அண்டைக்குத்தான் விளங்கிச்சு. அதுக்குப் பொறகு சொல்ல இன்னும் வெக்கமாப் போச்சு."

றிஸ்னா மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாப்பா, அதுக்கு ஏன் வெக்கப்படணும்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ பொறந்து மூணாம் நாள் உன்ட தலைய மணந்து பாத்தன் மகள். அது இப்பவும் ஞாபகம் இரிக்கி. உன்ட புள்ளட மணம் எனக்குக் கிடைக்காது எண்டு தெரியும். என்ட கையால ஏலுமான ஒண்டச் செஞ்சு குடுப்பம் எண்டு நெனச்சன். அதுவும் இப்பிடிப் போயிட்டு."

மகள் அழுதாள். நான் அழவில்லை. வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவினேன். முகம் கழுவினால் வித்தியாசம் தெரியாது.

அன்று பின்னேரமே தரையைக் கிளப்பத் தொடங்கினார். நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பலகைகள் லேசாக வந்துவிட்டன. பசைதான் வரவில்லை. சீமெந்தோடு மஞ்சள் தோலாக ஒட்டிக்கிடந்தது. சுடுதண்ணி ஊற்றி, பெயின்ட் சுரண்டும் தகட்டால் சாண் சாணாகச் சுரண்ட வேண்டும். மூக்குக்கு மாஸ்க் கட்டாமல் உள்ளே போகக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். "போன மூக்குக்கு என்னத்துக்குக் காவல்?" என்றார். "நெஞ்சு இரிக்கிதானே, அதுக்கு" என்றேன். கட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் நஸார் பாஸ் வந்தார். இவரே அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்திருந்தார். பாஸ் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உள் வீட்டுக்கு வேற பசைதான் போடணும் டீச்சர். கடையில இதுதான் இருந்திச்சு. கெதியா ஒட்டும். நான்தான் பிழ விட்டன்."

பிறகு இரண்டு பேரும் முழங்காலில் இருந்து சுரண்டினார்கள். இடையில் தேத்தண்ணி கொண்டு போனேன். பாஸ் பையிலிருந்து இரண்டு குளிசை எடுத்து வாயில் போட்டார்.

"என்ன பாஸ், சுகமில்லையா?"

"தலையிடி டீச்சர். வேலை செய்ற நாளெல்லாம் இரிக்கும். பழகிட்டு."

இவர் தகட்டைக் கீழே வைத்தார். மாஸ்க்கைக் கழற்றாமலே சொன்னார்:

"பழக்காத நஸார். நானும் பழகிட்டு எண்டுதான் சொன்னன். எனக்கு இப்ப காஸும் மணக்கிறல்ல, கருவாடும் மணக்கிறல்ல. சாரத்துண்டு கட்டினாப் போதாது. நல்ல மாஸ்க் ஒண்டு வாங்கு. யன்னல் இல்லாத அறையில ஒட்டாத."

மூன்று வருடம் பெண்சாதிக்கும் மகளுக்கும் மறைத்ததை, அரைகுறைப் பழக்கமுள்ள ஒரு மனிதருக்கு ஒரு மிடறு தேத்தண்ணிக்கு இடையில் சொல்லிவிட்டார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்து, கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

நாலு நாள் வேலை. அந்த நாலு நாளும் நான்தான் மூக்கு. காலையும் மாலையும் முன் அறையில் மண்டியிட்டு, மூலை மூலையாக மணந்து பார்ப்பேன். "இஞ்ச இன்னும் இரிக்கி." சுரண்டுவார். "அலுமாரிக்குக் கீழ கொஞ்சம்." சுரண்டுவார். அக்கம்பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் டீச்சருக்கு என்னமோ பிடித்துவிட்டது என்று ஓதிப்பார்க்கச் சொல்லியிருப்பார்கள். ஐந்தாம் நாள் மணந்தேன். ஆறாம் நாளும் மணந்தேன். ஈரச் சீமெந்து, புழுதி, அவ்வளவுதான். இந்த உலகத்தில் வெறும் சீமெந்து இவ்வளவு நல்லாக மணக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

தரை இப்போது பார்க்கச் சகிக்காது. பழைய வெடிப்புகளோடு புதுக் கீறல்கள், அங்கங்கே மஞ்சள் தேமல். பாய் விரித்திருக்கிறோம்.

மட்டக்களப்பில் ஒரு டாக்டரிடமும் காட்டினோம். பார்த்தார், சோதித்தார். "இவ்வளவு நாள் போனபிறகு திரும்பி வருமெண்டு நிச்சயமாச் சொல்ல ஏலாது. முயற்சி செய்வம்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் யன்னலோரம் இருந்தார். களுவாஞ்சிக்குடி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "வெளியில என்ன மணக்குது?" என்று கேட்டார்.

"கருவாடு" என்றேன்.

"நல்லது. அது மணக்காட்டியும் பரவாயில்ல" என்றார்.

பிள்ளை பிறந்து இன்றைக்குப் பதினோராம் நாள். பெண்பிள்ளை, அல்ஹம்துலில்லாஹ். மருமகன் கொழும்பிலிருந்து வந்து சேர நேரமாகும் என்பதால் ஆஸ்பத்திரியில் இவர்தான் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். துணியில் சுற்றிய பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தை அந்தச் சின்னக் காதுக்குக் கிட்டே கொண்டுபோய், யாருக்கும் கேட்காத சத்தத்தில் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் முகத்தை எடுக்கவில்லை. பிள்ளையின் தலையில் மூக்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பிறகு என்னிடம் பிள்ளையை நீட்டினார்.

"மணந்து பாத்துச் சொல்லு, புள்ள."

கிழமைக்குக் கிழமை இந்தப் பக்கத்தை நிரப்புகிற எனக்கு, அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. பிள்ளையின் தலையை மணந்தேன். இன்னொரு முறை மணந்தேன்.

"சுடுசோறு வடிக்கக்குள்ள வருமே ஒரு மணம்… அது மாதிரி. கொஞ்சம் பால். வெயில்ல காஞ்ச பருத்தித் துணி… சரியாச் சொல்லத் தெரியல்லங்க."

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். கட்டிலில் கிடந்த றிஸ்னா மெல்லக் கேட்டாள்: "வாப்பா, என்ட தலை மாதிரியா?"

"ஓம்" என்றார். "அதேதான்."

அவருக்கு மணக்கவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டிலும் புதுத் தரை, புதுப் பெயின்ட், புது அலுமாரி வரலாம். மணந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். யன்னலைத் திறவுங்கள், பிள்ளைகளைத் தள்ளிப் படுக்க வையுங்கள், ஒட்டுகிற பசை என்னவென்று முதலிலேயே கேளுங்கள். அந்த வீட்டில் ஒருவர் மட்டும் "எனக்கு ஒண்டும் மணக்கல்லயே" என்று சொன்னால், சண்டை பிடிக்கமுன் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நான் இருபது நாள் சண்டைதான் பிடித்தேன்.

இந்த மனிதரின் பிடிவாதம் என்று இத்தனை நாள் நான் நினைத்ததில் பாதி, பிடிவாதமே இல்லை. மற்றப் பாதி…? முன் அறைக்கு டைல்ஸ் போடுவோம் என்று நேற்றுச் சொன்னேன் — குளிருமாம், பிள்ளை வழுக்குமாம்!